கடல் நீச்சலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து 47 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மாங்கூழ் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர். கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக நீச்சல் அணியில் இருந்தவர். நான்கு பேர் ஃப்ரீஸ்டைல் ரிலேயில் மூன்றாவது ஆள். படிப்பு முடிந்ததும் அணியினர் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். போன ஆவணியில் அரூரில் அவர்களில் ஒருவருடைய மகள் கல்யாணத்தில் எல்லோரும் மீண்டும் சந்தித்திருக்கிறார்கள். பந்தியில் பேச ஆரம்பித்தது வாட்ஸப் குழுவாகி, இப்போது பங்குனியில் நடக்கும் 5 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டிக்கு நால்வரும் பெயர் கொடுப்பதில் வந்து நிற்கிறது.

இவருக்கு மூன்று வருடமாக ரத்த அழுத்தம். அட்டினலால் மாத்திரை எடுக்கிறார். அது போட்டால் நீச்சலில் வேகம் வரவில்லை என்று நீந்தும் நாட்களில் தவிர்த்துவிடுகிறார். போட்டியன்றும் அப்படியே செய்யலாமா என்பது முதல் கேள்வி. பக்கத்துத் தனியார் பள்ளியில் 25 மீட்டர் குளம்தான் இருக்கிறது, தூரம் பழக கிருஷ்ணகிரியிலுள்ள கே.ஆர்.பி. அணையில் இறங்கலாமா, இல்லை மாமனார் தோட்டத்துக் கிணறு போதுமா என்பது இரண்டாவது. மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள், தெரிந்த டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தருவார், பரவாயில்லையா என்பது மூன்றாவது. கடைசியில் ஒரு மனக்குறையும் இருக்கிறது. இறுதியாண்டில் இவரை ரிலேயிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டதற்கு அப்போதைய கேப்டன்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறார். அந்தக் கேப்டன் இப்போது பெங்களூரில். கல்யாணத்தில் இவரைப் பார்த்ததும், "டேய், நீ இன்னும் தண்ணியில இருக்கியா?" என்று கேட்டாராம். அவருக்கு முன்னால் கரை ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நீச்சல் பிடித்த ஒருவனாகப் படித்தேன். இரண்டாம் முறை மருத்துவனாகப் படித்தபோது நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "போன வாரம் குரூப்பில் போட 400 மீட்டர் டைம் எடுத்தேன். கடைசியில் தண்ணீர் புரையேறி அரைமணி நேரம் இருமல். எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிந்தது, தொண்டை புண்ணாகியிருக்கும். அன்று ராத்திரி மட்டும் இரண்டு தலையணை வைத்துப் படுத்தேன்." உங்கள் மூன்று கேள்விகளையும்விட இது முக்கியம். அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த இருமல்

தண்ணீர் புரையேறினால் உடனே இருமல் வரும், நான்கைந்து நிமிடத்தில் அடங்கும். அரைமணி நேரம் நீடிப்பது, எச்சிலில் சிவப்பு தெரிவது, படுத்தால் மூச்சு முட்டித் தலையை உயர்த்த வேண்டியிருப்பது, இந்த மூன்றும் ஒரே நாளில் வந்தால் தொண்டைப் புண் என்று நான் விட்டுவிட மாட்டேன். நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோர்ப்பது என்று ஒரு நிலை உண்டு. அது நீங்கள் குடித்த குளத்துத் தண்ணீர் இல்லை. நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, உங்கள் ரத்தத்திலிருந்தே காற்றறைகளுக்குள் கசிகிற நீர்.

அது ஏன் வருகிறது? கழுத்துவரை தண்ணீரில் இருக்கும்போது, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கை கால்களில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் இப்படி நெஞ்சுக்குள் வந்து சேரும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் தோலிலுள்ள குழாய்கள் சுருங்கி இன்னும் கொஞ்சம் தள்ளும். இந்தக் கூடுதல் சுமையையும் தாங்கிக்கொண்டு இதயம் வேகமாக ஓட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களின் இதயத் தசை சற்று விறைத்துப்போயிருக்கும், அது எளிதில் தளர்ந்து ரத்தத்தை வாங்காது. வாங்காத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும்.

உங்கள் விஷயத்தில் அன்று என்னென்ன சேர்ந்தது என்று பாருங்கள். கார்த்திகை விடியற்காலை, கிருஷ்ணகிரிக் குளிர், சூடேற்றாத குளம். மாத்திரை போடவில்லை. உடம்புக்கு நல்லது என்று தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், அன்றும் குடித்திருப்பீர்கள். அதன்மேல் குழுவில் போடுவதற்காக முழு மூச்சில் 400 மீட்டர். இதில் ஒவ்வொன்றும் நீர்க்கோர்ப்புக்கு ஒரு காரணம்தான். நான்கும் ஒரே காலையில் கூடியிருக்கின்றன.

பெரும்பாலானவர்களுக்கு இது ஓரிரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். உங்களுக்கும் ஆகிவிட்டது. அதுதான் ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்தவர்களுக்கு மீண்டும் வருவது சகஜம். குளத்தில் வந்தால் எழுந்து நிற்கலாம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்தால் என்ன செய்வீர்கள்? ட்ரையத்லான் போட்டிகளில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பங்கு சைக்கிளிலோ ஓட்டத்திலோ நடப்பதில்லை, முதலில் வரும் நீச்சலில்தான் நடக்கிறது. நடுவயது ஆண்கள் அதில் அதிகம்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை நான் உறுதிப்படுத்த முடியாது. ஆனால் சந்தேகப்படப் போதுமான காரணம் இருக்கிறது. உங்கள் அப்பா 54 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாரமே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனைகள், எல்லாம் பார்த்தபின் மருத்துவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனை. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரே நாளில் முடிகிற வேலை. எக்கோ செய்பவரிடம் "நீந்தும்போது மூச்சுத் திணறி, எச்சிலில் ரத்தம் வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சும்மா செக்கப் என்று போனால் அவர் தேடுவது வேறாக இருக்கும். முடிவு தெரியும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம். நடங்கள், அது போதும்.

மாத்திரை

அட்டினலால் போட்டால் வேகம் வரவில்லை என்பது உங்கள் கற்பனை இல்லை. அந்த வகை மாத்திரைகள் இதயத் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாமல் பிடித்துவைக்கும். முழு மூச்சில் நீந்தும்போது கை கனக்கிற மாதிரி இருப்பது அதனால்தான். ஆனால் அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி தவறு. இந்த வகை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அடக்கிவைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட மேலே எகிறலாம், நெஞ்சுவலிகூட வரலாம். அப்படி எகிறுகிற நாளையே நீங்கள் நீச்சலுக்குத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

துடிப்பைப் பிடித்துவைக்காத பிரஷர் மாத்திரைகள் பல உண்டு. உடற்பயிற்சி செய்பவர் என்று தெரிந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் யோசிப்பார்கள். உங்களுக்கு அட்டினலால் எழுதியவரிடம் நீந்துகிற விஷயத்தைச் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். சொல்லுங்கள். மாற்ற முடியுமானால் பழையதைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதைத் தொடங்குவார். வேறு காரணத்துக்காக அதுவே வேண்டும் என்றால் அதையும் சொல்வார். அதுவரை ஒருநாளும் விடாமல் போடுங்கள். நீச்சலுக்கு முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அணையா, கிணறா?

அணை வேண்டாம். கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தால் ஆசை வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதகுகளின் பக்கம் தண்ணீர் எப்படி இழுக்கும் என்பது மேலே தெரியாது. அடியில் சேறு, பழைய மரக்கட்டை, மீன் வலை. கிருஷ்ணகிரி வந்து சேரும் தென்பெண்ணை ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் எப்படி நுரைத்துக்கொண்டு வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்து வருகிற அந்தத் தண்ணீரில் மணிக்கணக்கில் வாய் திறந்து மூச்சு வாங்குவது நல்லதல்ல. எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே உங்களைத் தூக்க ஆள் இல்லை. நண்பர்கள் வந்தால் ஒகேனக்கல் போகலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பரிசலில் போங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மீன் சாப்பிடுங்கள். நீந்த வேண்டாம். கர்நாடகத்தில் அணை திறந்து தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வரத்து கூடினால், பல வருடம் அந்த ஆற்றிலேயே இருக்கிற பரிசல்காரர்களே ஓட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள்தான், அதனால் அதைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். ஆனால் 5 கிலோமீட்டருக்கு அது பயிற்சி ஆகாது. வட்டமாகச் சுற்றினால் தோள் ஒரு பக்கமே இழுக்கும். ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதந்து பழகவும், மல்லாந்து படுத்து மூச்சை நிதானப்படுத்தவும் கிணறு உதவும். அப்போதும் மோட்டாருக்கு மெயினை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மேலே கயிறும் லாரி ட்யூபும் வைத்துக்கொண்டு, நீந்தத் தெரிந்த இரண்டு பேர் நிற்க வேண்டும்.

மருத்துவர் அனுமதித்தபின், நீங்கள் குறைவாக நினைக்கிற அந்த 25 மீட்டர் குளமே போதும். ஒரு மாற்றம் மட்டும் வேண்டும். 5 கிலோமீட்டர் என்றால் அந்தக் குளத்தில் 200 நீளம். ஒவ்வொரு நீளத்திலும் சுவரை உதைத்துச் சில மீட்டர் இலவசமாகப் போகிறீர்கள், அந்த நேரம் தோளுக்கும் ஓய்வு. கடலில் சுவர் இல்லை. அதனால் சுவருக்கு ஒரு கை தூரம் முன்பே திரும்பிப் பழகுங்கள். எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து எதிரே பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வீச்சு போட்டுத் திறந்தால் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று தெரியும். கடலில் அந்தச் சாய்வுதான் 5 கிலோமீட்டரை ஐந்தரை ஆக்கும். இரண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகினால் அலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சமாளிக்கலாம்.

தோளை மறக்காதீர்கள். ஒரு நீளத்துக்குப் பதினெட்டு வீச்சு என்றாலும், 200 நீளத்துக்கு 3,600. இதயமும் மூச்சும் இரண்டு மாதத்தில் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இருபது வருடம் சும்மா இருந்த தோள் தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் வராது. மொத்தத் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள்.

சான்றிதழ்

பார்க்காமல் போடும் கையெழுத்தை வாங்காதீர்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் மருத்துவ கவுன்சில் அந்த டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கலாம், அது அவர் பாடு. உங்கள் பாடு வேறு. தெரிந்தே நோயை மறைத்தது வெளிவந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அது ஒன்றே போதும். கடலில் நேரும் மரணம் மாரடைப்பால் என்று வந்தால், விபத்துக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. இரண்டு பெண் குழந்தைகள் படிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அமைப்பாளர்கள் அந்தத் தாளைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீட்புப் படகில் இருப்பவர், கை தூக்கிய ஆளுக்கு என்ன செய்வது என்று யோசிக்க முடியும். குற்றாலீஸ்வரன் சிறுவனாகவே பாக் நீரிணையைக் கடந்தார், எனக்கு 5 கிலோமீட்டர் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளைக் கடந்த அவர், ஒரு தடவைகூடத் தனியாகப் போகவில்லை. நீரிணை நீச்சல் என்றாலே கூடவே படகு வரும், நீந்துபவரையே பார்த்துக்கொண்டு அதில் ஆட்கள் இருப்பார்கள். 1966-ல் மிஹிர் சென் பாக் நீரிணையைக் கடந்தபோது நம் கடற்படையே துணைக்கு வந்தது. இவர்கள் யாரும் தங்கள் உடம்பைப் பற்றிக் கூட வந்தவர்களிடம் மறைத்துவிட்டு இறங்கவில்லை.

கேப்டனிடம் பேசுங்கள்

இருமல் வந்ததை மனைவியிடம் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. பிரஷர் இருப்பதே நண்பர்களுக்குத் தெரியாது. காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கேப்டன் அப்பவே சொன்னேன்ல என்பார்." நண்பரே, இந்த வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பிரிந்த அணி இத்தனை வருடம் கழித்து ஒன்று சேர்ந்திருக்கிறது. அது எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்ததும் பழைய கணக்கைத் தீர்க்க நினைக்கிறீர்கள்.

அவர் உங்களை வேண்டுமென்றே எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, இதுவரை கேட்டதே இல்லையே. பல்கலைக்கழக அணியில் ரிலே ஆட்களைக் கேப்டன் தனியாக முடிவு செய்வது அபூர்வம். கோச் இருப்பார், அந்த வார டைம் இருக்கும். குழுவில் எழுத வேண்டாம், போனில் கூப்பிடுங்கள். "அந்த வருஷம் என்னை ஏன்டா எடுத்தீங்க?" என்று நேராகக் கேளுங்கள். பதில் பிடிக்காமலும் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். "தண்ணியில இருக்கியா" என்றது கிண்டலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தான் விட்டுவிட்ட ஒன்றை இன்னொருவன் விடவில்லையே என்ற ஆசையிலும் ஒருவர் அப்படிக் கேட்கலாம்.

அதே போனில் பிரஷரையும் இருமலையும் சொல்லுங்கள். இது மனசுக்காக மட்டும் சொல்வதில்லை, பாதுகாப்புக்காகவும்தான். கடலில் பக்கத்தில் நீந்துகிறவருக்கு உங்கள் உடம்பு தெரிந்திருந்தால், நீங்கள் வேகம் குறைந்ததும் திரும்பிப் பார்ப்பார். தெரியாதவர், முந்திவிட்டோம் என்று போய்க்கொண்டே இருப்பார். மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அன்று இரவு இரண்டு தலையணை எடுத்ததை அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

அப்புறம் பங்குனிப் போட்டி? என் முடிவைக் கேட்டால், இந்தப் பங்குனியில் 5 கிலோமீட்டர் வேண்டாம். எக்கோ சாதாரணமாக வந்தாலும் இதைத்தான் சொல்வேன். காரணம் தெரிந்து, மாத்திரை மாறி, அழுத்தம் சில மாதம் கட்டுக்குள் நின்று, குளத்தில் மீண்டும் இருமல் வராமல் இருக்கிறதா என்று பார்க்க நான்கு மாதம் போதாது. இதய மருத்துவர் சரி என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். அதுவும் முதலில் ஒரு கிலோமீட்டர் பிரிவில். வடகிழக்குப் பருவமழையில் நம் கிழக்குக் கடற்கரை கொந்தளிக்கும், அதனால் கடலோடு பழகுவதைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு நான்கு மணி நேரம்தான். நால்வரும் சேர்ந்து, துணைக்கு ஒரு மீனவர் படகைப் பேசிக்கொண்டு, இடுப்பில் பளிச்சென்ற மிதவையைக் கட்டிக்கொண்டு, கரைக்கு இணையாக நீந்துங்கள். போட்டியன்று கூட்டத்தோடு பாயாமல் ஓரமாக நின்று ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்புங்கள். இருமலோ, நெஞ்சில் களகளவென்ற சத்தமோ, மூச்சு போதாத உணர்வோ வந்தால் உடனே மல்லாந்து கையைத் தூக்குங்கள். படகில் ஏறியதும் படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள்.

அதற்கு முன்னால் நால்வருக்கும் ஏற்ற ஒன்று இருக்கிறது. மாஸ்டர்ஸ் என்று வயது வந்தோருக்காக நடத்தும் நீச்சல் போட்டிகளில் ரிலே உண்டு. அங்கே பிரிவை முடிவு செய்வது நான்கு பேரின் வயதைக் கூட்டி வரும் தொகை. நீங்கள் நால்வரும் கிட்டத்தட்ட 47 என்றால் கூட்டினால் 188, அது 160 முதல் 199 வரையிலான பிரிவு. கடலில் நால்வரும் தனித்தனியாகத்தான் நீந்துவீர்கள். ரிலேயில் கேப்டன் சுவரைத் தொட்டால்தான் நீங்கள் பாய முடியும். ஆளுக்கு 50 மீட்டரோ 100 மீட்டரோதான், நின்று மூச்சு வாங்கச் சுவரும் பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் அது முழு வேகம், உங்களுக்கு இருமல் வந்ததும் முழு வேகத்தில்தான். எனவே அதற்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும். கடலைவிட அது சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

இந்தப் பங்குனிக்கு அவர்கள் மூவரும் இறங்குவதானால் நீங்களும் கூடப் போங்கள், துணைப் படகில் உட்காருங்கள். யார் வேகம் குறைகிறார், யார் திசை மாறுகிறார் என்று பார்த்துச் சொல்ல, நீச்சல் தெரிந்த கண் அங்கே தேவை. அவர்களும் 47 வயதுக்காரர்கள்தான். அவர்களையும் எக்கோ பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும், மாத்திரை என்ன மாறியது என்பதோடு மீண்டும் எழுதுங்கள். அதற்கிடையில் இருமலோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ திரும்ப வந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.